எதிர்ப்பவர்கள் எல்லோரும் அறிவியல் விரோதிகளா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கரு ஸ்டெம் செல் ஆய்வு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சில நாளே ஆன மனிதக் கருவிலிருந்து, எந்த உறுப்பின் செல்லாகவும் மாறக்கூடிய செல்களை எடுத்து, நோய்களுக்கு மருத்துவம் தேடும் ஆய்வு அது. ஆய்வு நடக்க வேண்டும் என்பதுதான் என் கருத்தும். என் அப்பாவுக்குக் கை நடுங்கும் பார்க்கின்சன் நோய்; அதற்கு இந்த ஆய்வில் வழி பிறக்கலாம் என்று நம்புகிறவன் நான். அப்படியிருந்தும், எதிர்ப்பவர்களை எல்லாம் 'அறிவியல் விரோதிகள்' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஐந்தாறு நாள் கருவிலிருந்து செல்களை எடுத்தால் அந்தக் கரு அழிந்துபோகிறது. வளர்ந்தால் மனிதனாகக்கூடிய ஒன்றை இன்னொருவரின் நோய்க்கு மருந்தாக்கலாமா என்று அவர்கள் கேட்கிறார்கள். இதைக் கேட்க ஒருவர் மதவாதியாக இருக்க வேண்டியதில்லை.

ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாகா அறிவியல் விரோதியா? நண்பரின் கருத்தரிப்பு மையத்தில் நுண்ணோக்கி வழியே ஒரு கருவைப் பார்த்தபோது, இதற்கும் தன் மகள்களுக்கும் எவ்வளவு சின்ன வித்தியாசம் என்று தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். கருவை அழிக்காத வழியைத் தேடினார். 2006-ல் எலியின் செல்லிலும், 2007-ல் மனிதத் தோல் செல்லிலும் நான்கே மரபணுக்களைச் செலுத்தி, கரு ஸ்டெம் செல்லைப் போலவே எந்த உறுப்பின் செல்லாகவும் மாறக்கூடிய செல்லை உருவாக்கினார். 2012-ல் நோபல் பரிசு கிடைத்தது. கரு ஸ்டெம் செல்களை ஏற்கெனவே ஆராய்ந்திருந்ததால்தான் அந்த மரபணுக்களை அவரால் தேர்ந்தெடுக்க முடிந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். இரு தரப்புக்கும் இதில் பங்கு உண்டு.

எதிர்ப்பவர்கள் எல்லோரும் நாகரிகமாகப் பேசினார்கள் என்று நான் சொல்லவரவில்லை. 2006-ல் அமெரிக்கத் தேர்தல் நேரத்தில், பார்க்கின்சன் நோயாளியான நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் ஆய்வை ஆதரித்து, உடல் ஆடியபடியே விளம்பரத்தில் தோன்றினார். மருந்து சாப்பிடாமல் வந்திருக்கிறார், இல்லையென்றால் நடிக்கிறார் என்று வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பா சொன்னார். காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, அப்படியும் சட்டையில் சிந்திக்கொள்ளும் என் அப்பாவைப் பார்க்கிறவன் நான். அந்தப் பேச்சை என்னால் மன்னிக்கவே முடியாது. அதே அமெரிக்காவில், கருக்கலைப்பைக் கடுமையாக எதிர்த்த செனட்டர் ஆரின் ஹாட்ச் இந்த ஆய்வை ஆதரித்தார். யார் எந்தப் பக்கம் என்பதை அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

பிரிட்டனில் இதை ஆராய அரசு அமைத்த மேரி வார்னாக் குழு, கருவை 14 நாளுக்கு மேல் ஆய்வகத்தில் வளர்க்கக் கூடாது என்ற வரம்பை 1984-ல் பரிந்துரைத்தது. ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான், உடல் உருவாகத் தொடங்குவதைக் காட்டும் முதல் கோடு கருவில் தோன்றும். அதுவரை ஒரே கரு இரட்டையாகவும் பிரியலாம். கருவை ஆய்வுக்குப் பயன்படுத்தவே கூடாது என்ற உறுப்பினர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். அவர்களுடைய மறுப்பும் அதே அறிக்கையில் அச்சானது. இன்று நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) வழிகாட்டுதலிலும் அந்த 14 நாள் வரம்பு இருக்கிறது.

அடுத்த இதழில் எதிர்த்தரப்பு மருத்துவர் ஒருவரிடம் கட்டுரை கேட்டு வாங்கிப் போடுங்கள். அதே அளவு இடம் கொடுத்து, அவர் வாதத்தை அவர் வார்த்தையிலேயே வெளியிடுங்கள். மறுத்து எழுத வேண்டியிருந்தால் நானே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்