போகாத பயணம் பற்றி மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நேற்றிரவு தொலைபேசியில், மலைப்பயணத்தைக் கைவிட்டுவிட்டோம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, நான் மேற்கொண்டு எதுவும் கேட்பதற்குள் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டாய். முதுகுப்பையின் எடையை ஒவ்வொரு கிலோவாகக் கூட்டி, வாரந்தோறும் படிக்கட்டில் ஏறி இறங்கி, நான்கு மாதமாக நீ எப்படித் தயாரானாய் என்பதை அறிந்தவன் என்பதால், அந்த அவசரத்துக்குப் பின்னால் இருந்த வருத்தம் எனக்குப் புரிந்தது. எனக்குத் தொலைபேசியில் எதையும் கோவையாகச் சொல்ல வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

பத்து நாள் முன்னறிவிப்பைப் பார்த்து, வானம் தெளிவாக இருக்கும் என்று தோழர்களுக்கு உறுதி சொன்னது நீ. புறப்பட இரண்டே நாள் இருக்கும்போது அதே முன்னறிவிப்பு இடியும் கனமழையும் என்று மாறியதும் உனக்குக் கூச்சமாகிவிட்டது. அதில் உன் பிழை எதுவும் இல்லை. 1961-ஆம் ஆண்டில் எட்வர்ட் லோரன்ஸ் என்ற வானிலை அறிஞர், தம் கணினி போட்ட ஒரு கணக்கை நடுவிலிருந்து மீண்டும் ஓட்டிப் பார்க்க விரும்பி, கணினிக்குள் 0.506127 என்று இருந்த எண்ணை, அச்சில் வந்திருந்தபடி 0.506 என்று கொடுத்தார். தொடக்கத்தில் இரண்டு கணக்குகளும் ஒட்டிச் சென்றன. போகப் போக ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரண்டு வானிலைகளாகப் பிரிந்துவிட்டன. காற்றின் இன்றைய நிலையை எவ்வளவு கவனமாக அளந்தாலும் அளவில் எங்கோ ஓர் அணுவளவு பிசகு இருக்கும், அது நாளுக்கு நாள் பெருகும். பத்து நாள் அறிவிப்பை வைத்து விடுப்புக்கு எழுதிக் கொடுக்கலாம். மலையில் கால் வைப்பதற்குக் கடைசி இரண்டு நாள் அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும். நீ அதைத்தான் பார்த்தாய், பார்த்ததை நம்பவும் செய்தாய்.

உன் தோழர்களில் ஒருவர், "மழைதானே, நனைந்தால் காய்ந்துவிடும்" என்று கோபித்துக்கொண்டதாகச் சொன்னாய். சமவெளியில் அவர் சொல்வது சரி. ஆனால் மலையில் ஏற ஏற, சராசரியாக ஒவ்வோர் 1,000 மீட்டருக்கும் ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறைகிறது. அதோடு காற்றும் சேர்ந்துகொள்கிறது. காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும் நீர், துணியோடு உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது உயிருக்கே ஆபத்தான நிலை. அந்த நிலைக்கு வர உறைபனி வேண்டியதில்லை. பத்து டிகிரி குளிரில் நாள் முழுக்க நனைந்து நடந்தாலே போதும்.

இதுவரை உனக்கு நான் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். எங்கே போனாலும் ஒரு ஜோடி உலர்ந்த உடுப்பை இரண்டு பாலித்தீன் உறைகளுக்குள் முடிந்து பையின் அடியில் வைக்கிறேனே, அது ஏன் என்று சிறுவயதில் நீ பலமுறை கேட்டிருக்கிறாய். நீ பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன், நாங்கள் மூவர் ஒரு நெடும்பயணத்தின் கடைசி நாளில் ஓர் ஓடைக்கரைக்கு வந்து நின்றோம். முந்தின இரவிலிருந்து மழை விடவில்லை. முழங்காலளவு இருக்க வேண்டிய ஓடை தொடையைத் தொட்டுக் கலங்கலாக ஓடியது. அடியில் கற்கள் உருளும் சத்தம் கரையில் நின்ற எங்களுக்குக் கேட்டது. நீரின் வேகம் இரட்டிப்பானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் அக்கரையிலிருந்து இரண்டு மணி நேர நடையில் சாலை இருந்தது, இக்கரையில் மூன்று நாள் நடந்து வந்த பாதை இருந்தது. அந்தச் சாலையை நினைத்துக்கொண்டே இறங்கினோம்.

மூவரும் கரையேறினோம். நடுவில் சறுக்கி விழுந்து கழுத்துவரை நனைந்த நண்பன் மட்டும், எழுந்து அரை மணி நேரம் நடந்த பிறகு, மழைச்சட்டையின் ஜிப்பைப் போட முயன்றுகொண்டு நின்றுவிட்டான். முனையை எடுப்பான், பள்ளத்தில் வைப்பான், நழுவும், மறுபடி எடுப்பான். அவன் விரல்கள் மெழுகு போல் வெளுத்திருந்தன. உதவட்டுமா என்று கேட்டபோது, "எனக்கு ஒன்றுமில்லை" என்று குழறியபடி சிரித்தான். அதுவரை நடுங்கிக்கொண்டிருந்தவனுக்கு நடுக்கம் நின்றிருந்தது. அது தேறிவிட்டதன் அடையாளம் என்றே நான் எண்ணினேன். உடம்பு தன்னைச் சூடாக்கிக்கொள்ளும் சக்தியை இழந்துவிட்டதன் அடையாளம் அது. மற்றவனுக்குத்தான் அது உறைத்தது. அங்கேயே கூடாரத்தை விரித்து, ஈரத்துணியை எல்லாம் களைந்து, எங்கள் மூவரின் பைகளிலும் நனையாமல் எஞ்சியிருந்த ஒரே சட்டையை அவனுக்குப் போட்டு, உறங்குபைகளால் சுற்றி, சர்க்கரை கரைத்த வெந்நீரை மிடறு மிடறாகக் கொடுத்தோம். இரவு முழுக்கத் தூங்கவிடாமல் பேசிக்கொண்டிருந்தோம். விடியும்போது தன் பெயரைத் தெளிவாகச் சொன்னான்.

ஓடையில் இறங்கியது தவறு என்பதை அன்றே உணர்ந்தேன். அந்த முடிவை எடுத்தபோது நாங்கள் எந்த நிலையில் இருந்தோம் என்பது விளங்கத்தான் எனக்கு இன்னும் சில ஆண்டுகள் ஆயின. மூவருமே முன்னிரவிலிருந்து நனைந்திருந்தோம், காலையில் சரியாகச் சாப்பிடவில்லை, வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்தோம். குளிர் கைவிரலைப் பிடிக்கும் வேளையிலேயே மூளையையும் பிடித்துவிடுகிறது, அப்படிப் பிடித்திருப்பது பிடிபட்டவனுக்குத் தெரிவதில்லை. ஜிப்போடு போராடிய நண்பன் தான் நன்றாக இருப்பதாக உண்மையிலேயே நம்பினான். நீ உலர்ந்த அறையில், வயிறார உண்டபின், வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, "இரண்டாம் நாள் ஓடையைக் கடக்க முடியாது, மூன்றாம் நாள் மலைமுகட்டில் இடிக்கு ஒதுங்க இடம் கிடையாது" என்று எண்ணிப் பார்த்து முடிவெடுத்தாய். எனக்கு அன்று வாய்க்காத தெளிவு அது. நான்கு மாத உழைப்பு கண்முன் இருக்கும்போது அந்த முடிவை எடுத்தாய் என்பதை நினைத்தால், என் மகள் என்பதற்காக அல்ல, மலையை அறிந்த ஒருவர் என்ற முறையில் உன்மேல் எனக்கு மதிப்புக் கூடுகிறது.

கோபித்துக்கொண்ட தோழரிடம் வாதாடாதே. அவருக்கும் ஏமாற்றம்தான். ஆனால் குழுவில் ஒருவர் வேண்டாம் என்றால் பயணம் வேண்டாம் என்பதை, அடுத்த முறை புறப்படுவதற்கு முன்பே நால்வரும் பேசி முடித்துவிடுங்கள். மழையில் நின்றுகொண்டு வாக்கெடுப்பு நடத்தக் கூடாது.

பையை இன்னும் பிரிக்க மனம் வரவில்லை, கதவோரமாக அப்படியே இருக்கிறது என்றாய். இன்றே பிரித்துவிடு. இறகு அடைத்த உறங்குபையை அழுத்திக் கட்டியே நெடுநாள் வைத்தால் அதன் உப்பல் போய்விடும், உப்பல் போனால் சூடும் போய்விடும். உறையிலிருந்து எடுத்துத் தளர்வாகத் தொங்கவிடு. நெற்றிவிளக்கிலிருந்து பேட்டரிகளைக் கழற்றி வை. வரைபடத்தை மட்டும் மடிக்காமல் மேசைமேல் விட்டுவைத்து, ஒவ்வொரு நாள் பாதையிலும் நடுவழியில் கீழே இறங்க எங்கே கிளைப்பாதை உண்டு என்று பென்சிலால் குறி. உன் இரண்டாம் நாள் ஓடைக்கு மேற்புறத்தில் பாலம் ஏதாவது இருக்கிறதா என்றும் பார். புதிய தேதி முடிவானதும் எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா