தீவுக்கு முன்னால் காற்றைப் பார், செல்வி

அன்புள்ள செல்விக்கு,

மாலத்தீவு, லட்சத்தீவு, அந்தமான், புக்கெட், பாலி என்று ஐந்து பெயர் எழுதி அனுப்பியிருக்கிறாய். "எதுக்குப் போகலாம், நீயே சொல்லுக்கா" என்று கேட்டிருக்கிறாய். கடைசி வரியில்தான், பிள்ளைக்குக் காலாண்டு விடுமுறை விடும் செப்டம்பர் கடைசியில் போகிறோம் என்று இருக்கிறது. நான் அந்த வரியிலிருந்து தொடங்குகிறேன். எந்தத் தீவு என்பதில் பாதியை அந்தத் தேதியே முடிவு செய்துவிடும். இதே கேள்வியைப் பலரும் கேட்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

நீ பெங்களூருக்குப் போய் வெகுகாலம் ஆனாலும் மண்டபத்துப் பெண்தானே. பாம்பன் பாலத்தில் நின்றால் இந்தப் பக்கம் வடகடல் (பாக் விரிகுடா), அந்தப் பக்கம் தென்கடல் (மன்னார் வளைகுடா). வைகாசியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று எழுந்தால் புரட்டாசி வரைக்கும் தென்கடல் குமுறிக்கொண்டே இருக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று இறங்கியதும் ஐப்பசி, கார்த்திகையில் எல்லாம் தலைகீழ். ஒரே ஊர், ஒரே நாள், பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கடல், அந்தப் பக்கம் வேறொரு கடல். எந்தத் தீவுக்குப் போனாலும் இந்தக் கணக்குதான். எந்த மாதம், அந்த மாதத்தில் காற்று எங்கிருந்து வருகிறது, நாம் தங்கப்போகும் கரை காற்றுக்கு முகம் காட்டுகிறதா, முதுகு காட்டுகிறதா? இதைப் பார்த்த பிறகு ஹோட்டலின் படங்களைப் பார்.

நம் தென்கடலைக் கலக்குகிற தென்மேற்குப் பருவக்காற்றுதான் லட்சத்தீவையும் மாலத்தீவையும் அந்தமானையும் புக்கெட்டையும் அடிக்கிறது. மே முதல் அக்டோபர் வரை புக்கெட்டின் மேற்குக் கரையில் சிவப்புக் கொடி ஏற்றியிருந்தால் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. அங்கே ஆட்களை இழுத்துக்கொண்டு போகிற நீரோட்டம் உண்டு. அந்த மாதங்களில் அதே கடலில் இருக்கும் சிமிலன் தீவுகளையே மூடிவிடுகிறார்கள். தாய்லாந்துதான் வேண்டும் என்றால் எதிர்ப்பக்கம், தாய்லாந்து வளைகுடாவில் இருக்கும் கோ சமுய் அப்போது பரவாயில்லை. அதற்குப் பெருமழை அக்டோபர் பாதிக்கு மேல்தான் வருகிறது. நம் வடகடல், தென்கடல் கதைதான் அங்கேயும்.

அந்தமானை நான் மிகவும் விரும்புகிறேன். பாஸ்போர்ட் வேண்டாம், போர்ட் பிளேரில் (இப்போது அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) இறங்கியதுமே தமிழ் காதில் விழும். ஆனால் செப்டம்பரில் வேண்டாம். ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரை மேற்கே பார்த்தது, மழைக்காலத்தில் அலை நேரே வந்து மோதும். ஹேவ்லாக், நீல் தீவுகளுக்குப் போகிற படகுகளைக் கடல் சரியில்லை என்று நிறுத்திவிட்டால், திரும்பும் விமானத்தை வைத்துக்கொண்டு தவிக்க வேண்டியிருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் போனால் அதே ராதாநகரில் பிள்ளை நாள் முழுக்கத் தண்ணீரில் கிடக்கலாம். நீல் தீவுக்குப் போகும்போது வற்றம் ஏற்றம் பார்த்துக்கொள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றினால் பார், அதாவது பவளப்பாறை, வெளியே தெரியும், நீந்த இடமே இருக்காது. நம்மூரில் பாசி எடுக்கப் போகிற பெண்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை, ஹோட்டல்காரர்கள்தான் சொல்வதில்லை.

லட்சத்தீவுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். கொச்சியிலிருந்து கப்பல், அல்லது அகத்திக்கு விமானம். பல தீவுகளில் கப்பல் கரைக்கு வந்து அணையாது. வெளியே நின்றுவிடும், ஆடுகிற சின்னப் படகில் இறங்கித்தான் கரைக்குப் போகவேண்டும். முட்டிவலிக்கார உன் அத்தையைக் கூட்டிக்கொண்டு அது முடியாது. விமானம் கிடைத்தால் மட்டும் யோசி, அதுவும் நவம்பருக்குப் பிறகு.

அப்புறம் மாலத்தீவு. மாப்பிள்ளைக்கு இதில்தான் ஆசை என்று எனக்குத் தெரியும். அங்கே சுமார் 1,200 தீவுகள், எல்லாம் பவளப்பாறை வளையங்களின் மேல் உட்கார்ந்தவை. வளையம் வெளியலையை வாங்கிக்கொள்வதால் உள்ளே தண்ணீர் அமைதியாக இருக்கும், சின்னப் பிள்ளைக்கு அதைவிட நல்ல கடல் கிடையாது. ஆனால் நல்ல வெயில் காலம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. செப்டம்பரில் விலை குறைத்துக் கொடுப்பதற்குக் காரணம், தொடர்ந்து இரண்டு மூன்று நாள் மழை பிடித்துக்கொண்டால் அறைக்குள்ளேயே இருக்க வேண்டியதுதான். ஒரு தீவு, ஒரு ரிசார்ட், போக வேறு இடம் இல்லை. போவதானால் மூன்று விஷயம் கேட்காமல் பணம் கட்டாதே. தலைநகர் மாலேயிலிருந்து தீவுக்குப் போகும் படகு அல்லது கடல் விமானத்துக்குத் தனிக் கட்டணமா? கடல் விமானம் இருட்டிய பிறகு பறக்காது, உன் விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது? சொன்ன விலையில் வரியும் சர்வீஸ் சார்ஜும் சேர்ந்திருக்கிறதா? இரண்டும் சேர்ந்தால் கால் பங்குக்கு மேல் ஏறும். மாஃபுஷி மாதிரி மக்கள் வாழும் தீவுகளில் கெஸ்ட் ஹவுஸ் சிக்கனம். அங்கே மது கிடையாது, நீச்சலுடைக்குத் தனிக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள். உங்களுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

இந்த ஐந்தில் செப்டம்பர் கடைசிக்குத் தோதானது பாலிதான். நமக்குக் கச்சான் வீசும் மாதங்களில் அங்கே ஆஸ்திரேலியப் பக்கமிருந்து வறண்ட காற்று வரும், ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மழை குறைவு. ஆனால் குட்டாவில் அறை போடாதே. அது அலைச்சறுக்கு விளையாடுகிறவர்களுக்கான கரை. சனூர், நூசா துவா இரண்டுக்கும் முன்னால் பார் இருக்கிறது, அலை அங்கேயே உடைந்துவிடும். பெங்களூரிலிருந்து நேரடி விமானமே ஆறரை, ஏழு மணி நேரம். அத்தையால் அவ்வளவு நேரம் உட்கார முடியுமா என்று நீதான் சொல்ல வேண்டும்.

உன் பட்டியலில் இல்லாத ஒன்றைத்தான் நான் சொல்லப்போகிறேன்: திருகோணமலை. தென்மேற்குக் காற்று இலங்கையின் மேற்கிலும் தெற்கிலும் மழையைக் கொட்டும்போது, மலைகளுக்கு மறுபக்கம் கிழக்குக் கரை வெயிலில் காயும். நிலாவெளியில் மே முதல் செப்டம்பர் வரை கடல் தெளிந்து கிடக்கும். டிசம்பரில் தென்மேற்குக் கரையில் இருக்கும் பென்தோட்ட, மிரிஸ்ஸ பக்கம் போகிறவர்கள் சரியாகத்தான் போகிறார்கள், அதையே செப்டம்பரில் செய்தால்தான் தப்பு. நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு. நீச்சல் முகமூடி போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் குனிந்தாலே மீன்கள். அத்தைக்குக் கோணேசர் கோயில் இருக்கிறது, சம்பந்தர் பாடிய தலம், பாறை உச்சியிலிருந்து கடலைப் பார்த்தபடி நிற்கலாம். சாப்பாடு பழக்கமானது, பேச்சு நம் பேச்சு. கொழும்பிலிருந்து காரில் ஐந்தாறு மணி நேரம் ஆகும், அது ஒன்றுதான் சிரமம். நடுவில் ஹபரணையில் ஒரு ராத்திரி தங்கிவிடு. தேதி அக்டோபருக்குத் தள்ளிப்போனால் மட்டும் மறுபடி யோசி, அங்கே மழை அதன்பிறகு தொடங்கும்.

"நம்மூர்த் தீவுகளுக்கே வரலாமே" என்று அத்தை சொன்னாராம். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ம் 1986 முதல் தேசியப் பூங்கா, தங்குவதற்கு இல்லை. குருசடைத் தீவுக்கு வனத்துறைப் படகில் போய்ப் பார்க்கலாம், அவ்வளவுதான். அதுவே சரி என்பேன். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பாரை வெட்டி வெட்டி எடுத்ததால்தான் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் தண்ணீருக்குள் போயின. பார் போனால் தீவு நிற்காது. மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் அடித்தளம் அதே பார்தான். கடல் சூடேறி 2024-இல் லட்சத்தீவிலும் நம் தென்கடலிலும் பவளம் வெளுத்தது. ஆகவே எங்கே போனாலும் பிள்ளையைப் பாரின் மேல் நிற்க விடாதே, உடைந்த துண்டுகூடப் பையில் வரக் கூடாது. படகுக்காரர் பாரின் மேல் நங்கூரம் போட்டால் வேண்டாம் என்று சொல். நீ சொன்னால் கேட்பார்கள், காசு கொடுப்பது நீதானே.

இன்னொன்று. பிள்ளை இதுவரை நீச்சல் குளம்தான் பார்த்திருக்கிறான். கிளம்புவதற்கு முன் ஒரு சனி, ஞாயிறு இங்கே வா. செப்டம்பரில் வடகடல் அமைதி, அரியமானில் வெகுதூரம் ஆழமில்லை. உப்புத் தண்ணீர் கண்ணில் பட்டால் என்ன, அலை தள்ளினால் எப்படி நிற்பது என்று இரண்டு காலையில் பழகிவிடுவான். தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போகலாம், தண்ணீரில் இறங்க மட்டும் விடமாட்டேன்.

பிள்ளையின் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார். சின்னப் பிள்ளைகளுக்கு ஐந்து வருடம்தான் செல்லும், பயண நாளில் இன்னும் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். தேதியை மாப்பிள்ளையிடம் உறுதி செய்துவிட்டுச் சொல். செப்டம்பர் என்றால் நிலாவெளி. பள்ளிக்கு நாலு நாள் லீவு போட்டு பிப்ரவரிக்குத் தள்ள முடியும் என்றால் மாப்பிள்ளை ஆசைப்படி மாலத்தீவு.

அன்புடன்,
உன் அக்கா
மண்டபம்