எலிப் பாடத்துக்கு ஒரு நன்றி மடல்

புவனகிரிப் பக்கம் சம்பா நடும் எங்கள் ஊர் உழவர்கள் சார்பில் இந்த மடல். இந்தப் பட்டத்தில் எலி ஒழிப்புக்குக் கூட நின்ற எல்லோருக்கும் வணக்கமும் நன்றியும்.

முதல் நன்றி, ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஐயாவுக்கு. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் கூட்டம் போட்டு, எலி எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று பாடம் எடுத்தார். எலியைப் பிடிக்க வழி கேட்டால் எலியின் படிப்பைப் பற்றிப் பேசுகிறாரே என்று பின்வரிசையில் ஒரே சிரிப்பு. எலிகளை வைத்துச் சோதனை செய்த அமெரிக்க உளவியல் ஆராய்ச்சியாளர் ஜான் கார்சியாவின் கதை வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

1917இல் கலிபோர்னியாவில், ஸ்பெயினிலிருந்து குடியேறிப் பண்ணை வேலை பார்த்த குடும்பத்தில் பிறந்தவர் கார்சியா. மெக்கானிக் வேலை, கப்பல் கட்டும் வேலை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் ஆராய்ச்சிக்கு வந்தார். சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீரைக் குடித்த எலிமேல் காமா கதிர் பட்டு வயிறு கெட்டால், அப்புறம் அது அந்த இனிப்பைத் தொடுவதில்லை என்று 1955இல் எழுதினார். 1966இல் கோயெல்லிங் என்பவரோடு செய்த சோதனைதான் பெரிய பேச்சானது. எலி ஒவ்வொரு முறை நக்கும்போதும் தண்ணீர் இனிக்கும், விளக்கு மின்னும், சத்தமும் கேட்கும். சில எலிகளுக்கு அதன் பிறகு வயிற்றைப் புரட்டும்படி செய்தார்கள். சிலவற்றுக்குக் காலில் ஷாக். வயிறு கெட்டவை இனிப்பை ஒதுக்கின, விளக்கையும் சத்தத்தையும் சட்டை செய்யவில்லை. ஷாக் வாங்கியவை விளக்குக்கும் சத்தத்துக்கும் பயந்தன, இனிப்பைக் குடித்தன.

அதுவரை படித்தவர்கள் நம்பியது வேறு. எதையும் எதோடும் சேர்த்துப் பழக்கலாம், ஆனால் இரண்டுக்கும் நடுவே சில நொடிதான் இருக்க வேண்டும் என்று. தின்று ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து வயிறு கெட்டாலும் எலி குற்றத்தைத் தீனி மேல்தான் போடும் என்று கார்சியா காட்டினார். பெரிய ஆய்விதழ்கள் அவர் கட்டுரைகளைத் திருப்பி அனுப்பின. அதே மனிதரை 1983இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் உறுப்பினராக்கியது. அதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

எலியால் வாந்தி எடுக்க முடியாதாம். அதனால் புதுத் தீனியை ஓரமாகக் கடித்துப் பார்த்துவிட்டுக் காத்திருக்கும். நாங்கள் வைக்கும் துத்தநாக பாஸ்பைடு சில மணி நேரத்தில் வேலையைக் காட்டுகிற எலி மருந்து. அரைகுறையாகத் தின்று பிழைத்த எலி மறுபடி அந்தப் பக்கம் வருமா? எலி சாகாததற்கு ‘டூப்ளிகேட் மருந்து’தான் காரணம் என்று உரக்கடை அண்ணன் இத்தனை வருடம் வாங்கிய திட்டு அநியாயம்தான்.

அடுத்தது, உதவி வேளாண்மை அலுவலர் மேடத்துக்கு. மருந்து கலக்காத தீனியைச் சில நாள் வைத்துப் பழக்கு, அப்புறம் ஒரே ஒரு முறை மருந்து, அதுவும் எல்லா வயலிலும் ஒரே நாளில் என்று வரப்பு வரப்பாக வந்து நின்று செய்ய வைத்தார். தப்பிய எலிக்கு புரோமாடையோலோன் என்ற வேறு மருந்து. அது கொல்லச் சில நாள் ஆகும். வயிற்றுவலியைத் தீனியோடு முடிச்சுப் போட எலிக்கு வழியில்லை. நாய், கோழி வாய்வைக்காதபடி வளைக்குள் தள்ளி வைக்கச் சொல்லிக் கண்டிப்பாக இருந்தார். அந்தக் கண்டிப்புக்குத் தனி நன்றி.

கிள்ளைப் பக்கத்திலிருந்து வந்த இருளர் குடும்பங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். சாயங்காலம் எல்லா வளையையும் மண்ணால் அடைத்துவிட்டு, விடிந்ததும் திறந்து கிடப்பதை மட்டும் பார்த்தார்கள். ஒரு பாட்டி வளை வாயில் கிடந்த மண்ணை விரலால் நசுக்கி, “ஈரமா இருக்கு, உள்ளதான் கெடக்கு” என்றார். மண்வெட்டி போட்ட கொஞ்ச நேரத்தில் எலியும் வந்தது, அது அறுத்துச் சேர்த்து வைத்திருந்த கதிரும் ஒரு மடி நிறைய வந்தது. பேசிய கூலியைவிடக் கூடுதலாகக் கொடுக்க ஊர்க்கூட்டத்தில் ஒத்துக்கொண்டவர்களுக்கும் நன்றி. கொஞ்சம் முணுமுணுத்தவர்களுக்கும்தான், கடைசியில் கொடுத்தார்களே.

கூட்டத்தில் ஒரு அக்கா கேட்ட கேள்வியையும் சொல்லியாக வேண்டும். புதுச்சேரியில் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்து வந்த வீட்டுக்காரர், தனக்கு ரொம்பப் பிடித்த மீன் குழம்பை இப்போது மோந்தாலே முகம் சுளிக்கிறாராம். “இதுவும் அந்த எலிக் கதைதானா ஐயா?” ஐயா ஆமாம் என்றார். கீமோவுக்கு முன் ஐஸ்கிரீம் தின்ற குழந்தைகள் பிறகு அதே ஐஸ்கிரீமை ஒதுக்கியதை ஐலீன் பெர்ன்ஸ்டைன் என்ற அம்மையார் 1978இல் எழுதியிருக்கிறார். சிகிச்சைக்கு முன் ஒரு புது மிட்டாயைக் கொடுத்தால், வெறுப்பு அதன் தலையில் விழுந்து மற்றச் சாப்பாடு ஓரளவு தப்பிக்கிறது என்றும் பிறகு கண்டார்கள். டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், சிகிச்சை நாளில் மட்டும் பிடித்த குழம்பு வேண்டாம் என்றார் ஐயா. கேள்வி கேட்ட அக்காவுக்கும் நன்றி.

ஆந்தை உட்காரத் தென்னை மட்டை நட்ட பையன்கள், மைக் செட், டீ கொடுத்த வீடு, எல்லோருக்கும் நன்றி. தஞ்சாவூர் கிட்டி என்ற மூங்கில் எலிப்பொறிகளை வாங்கிப் போனவர்கள், அறுப்பு மெஷின் வயலில் இறங்குவதற்குள் எடுத்து வந்து கூட்டுறவுக் கடைத் திண்ணையில் வைத்துவிடவும்.