பள்ளி வேன் ஓட்டும் அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணா,

வணக்கம். காலையில் எங்கள் ஸ்டாப்பில் நீங்கள் வண்டி நிறுத்துவதே அரை நிமிடம். அதற்குள் பின்னால் தேயிலை லாரி ஹாரன் அடிக்கும். நின்று பேச வழியில்லை, அதனால் எழுதுகிறேன். பொதுவில் வைப்பதற்குக் காரணம், மலையில் பள்ளி வண்டி ஓட்டும் மற்றவர்களும் படிக்கட்டும் என்பதுதான்.

நீங்கள் வைத்திருக்கும் பந்தயத்தைப் பற்றி மகன் சொன்னான். சாயங்காலம் கோத்தகிரியில் ஏறியதிலிருந்து அரவேணு வரை தொண்டையைச் செருமாமல், கழுத்தை வெட்டி இழுக்காமல் வந்தால் ஒரு சாக்லேட். பாசத்தில்தான் செய்கிறீர்கள் என்று தெரியும். சாக்லேட் இருக்கட்டும் அண்ணா, பந்தயத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

அவனுக்கு இருப்பது டிக்ஸ், அதாவது வேண்டுமென்று செய்யாமல் தானாகத் திரும்பத் திரும்ப வரும் அசைவுகளும் சத்தங்களும். ஆறு வயதில் கண் சிமிட்டலில் ஆரம்பித்தது. கண் டாக்டர் கண்ணில் ஒன்றுமில்லை என்றார். பிறகு மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தான். நம்ம ஊர்க் குளிரில் மூக்கை உறிஞ்சாத பிள்ளை யார்? சளி மருந்து, ஆவி பிடிப்பது எல்லாம் நடந்தது. அப்புறம் ஊட்டியில் குழந்தைகள் டாக்டர் பார்த்துவிட்டு, கோவையில் நரம்பியல் டாக்டரிடம் அனுப்பினார். உடம்பில் பல அசைவுகளும், சத்தம் ஒன்றாவதும் சேர்ந்து, கூடிக் குறைந்து ஓராண்டுக்கு மேல் நீடித்தால் அதை டூரெட் என்கிறார்கள். 1885இல் இதை விரிவாக எழுதிய பிரெஞ்சு மருத்துவரின் பெயர் அது. மூளையில் அசைவுகளை ஒழுங்கு செய்யும் பகுதிகள் வேலை செய்யும் விதத்தில் உள்ள வித்தியாசம்தான் காரணம். குடும்ப வழியிலும் வரும். வளர்ப்பில் குறை இல்லை, சேட்டையும் இல்லை. கயிறு மந்திரித்துக் கட்டச் சொன்ன ஆயாம்மாவிடம் சொல்லுங்கள், கயிறு ஏற்கெனவே இடுப்பில் இருக்கிறது, பாட்டி உபயம்.

பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கு வருமா என்று ஒரு அம்மா கேட்டதாகச் சொன்னீர்கள். இது ஒட்டுவாரொட்டி இல்லை. இன்னொருவர் யூடியூப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளைகள் கெட்ட வார்த்தை பேசுமாமே என்றாராம். டூரெட் உள்ளவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத்தான் அது வரும். வீடியோ எடுக்கிறவர்களுக்கு மற்ற ஒன்பது பேர் வேண்டாம்போல.

எல்லாரையும் குழப்புவது ஒன்றுதான்: அவனால் கொஞ்ச நேரம் அடக்க முடிகிறது. அப்படியானால் வேண்டுமென்றேதானே செய்கிறான் என்று தோன்றும். அவன் சொன்னதைச் சொல்கிறேன்: “கழுத்துக்குள்ள நமநமன்னு இருக்கும்மா, வெட்டினா போயிடும், மறுபடி வரும்.” அந்த நமநமப்பைத் தாங்கிக்கொண்டுதான் வகுப்பில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறான். டீச்சர் சொல்வதில் பாதி அதிலேயே போய்விடுகிறது. வேன் கதவைச் சாத்தியதும் விட்டுவிடுகிறான். காலையைவிட சாயங்காலம் அதிகமாக இருப்பதை நீங்களே கண்ணாடியில் பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் பந்தயம் வைத்தால் அவனுக்கு இன்னொரு பீரியடு. அதுவும் இல்லாமல், அதைப் பற்றிப் பேசினாலே கூடும். “செய்யாதே” என்றால் நினைப்பு அங்கேயே போய் நிற்கும்.

ரோட்டில் காட்டெருமை நின்றால் நீங்கள் ஹாரன் அடிப்பதில்லை. அது போகிற வரை சும்மா நிற்பீர்கள். இதையும் அப்படியே விடுங்கள். ஆனால் அவனை விட்டுவிடாதீர்கள். வழக்கம்போலக் கிரிக்கெட் பேசுங்கள், பாட்டுப் போடுங்கள், வம்பு பண்ணினால் மற்ற பிள்ளைகளைத் திட்டுகிற மாதிரியே திட்டுங்கள். டிக்ஸ் இருக்கிறது என்பதற்காக சீட்டில் ஏறி ஆட அனுமதி கிடையாது.

பின் சீட்டில் இரண்டு பெரிய பையன்கள் அவன் செருமுவதைப் போலவே செய்து காட்டுகிறார்கள். வண்டிக்குள் எல்லார் முன்னாலும் அதட்டினால் மொத்த வண்டியும் இவனைத் திரும்பிப் பார்க்கும். அவர்கள் இறங்கும் இடத்தில் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் போதும். உங்கள் பக்கத்து முன் சீட்டைக் கொடுக்கலாம் என்றீர்கள். அது வேண்டாம், அந்த சீட்டுக்கு அடிதடியே நடக்கும். தவிர அங்கே உட்கார்ந்தால் எல்லார் கண்ணும் இவன் முதுகில். எங்கே உட்காரப் பிரியம் என்று அவனையே கேளுங்கள். கடைசி வரிசை ஜன்னல் ஓரம் என்பான் என்று நினைக்கிறேன்.

கோவையில் ஒரு பயிற்சி சொல்லித் தருகிறார்கள், இடையிடையே வீடியோ காலிலும். நமநமப்பு வருவதை முதலில் கவனிக்கப் பழகுவது, வந்தால் அந்த அசைவைச் செய்ய முடியாதபடி வேறொன்றைச் செய்வது. செருமல் வரும்போது வாயை மூடி மூக்கால் மெதுவாக மூச்சு விடுகிறான். கழுத்துக்கு, மோவாயைக் கொஞ்சம் கீழே இறக்கி இறுக்கிப் பிடிக்கிறான். நமநமப்பு அடங்கும் வரை, சுமார் ஒரு நிமிடம். வெறுமனே அடக்குவது வேறு, இது வேறு. அமெரிக்காவில் 126 பிள்ளைகளிடம் செய்து பார்த்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள்: இந்தப் பயிற்சி பெற்றவர்களில் பாதிக்கு மேல் நன்றாகக் குறைந்தது, வெறும் ஆலோசனை பெற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. மருந்தும் உண்டு, எங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்றார் டாக்டர். பயிற்சியை ஞாபகப்படுத்துவது வீட்டில் என் வேலை மட்டும். அவன் மோவாயை இறக்குவதைப் பார்த்தால், பார்க்காத மாதிரி இருந்துவிடுங்கள்.

இது ஒரே சீராக இருக்காது. பரீட்சை, தூக்கமில்லாமை, காய்ச்சல் எல்லாவற்றிலும் கூடும். சந்தோஷத்திலும் கூடும், மே மாதம் நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சிக்குப் போன அன்று ராத்திரி வரை நிற்கவே இல்லை. பொதுவாகப் பத்திலிருந்து பன்னிரண்டு வயதில்தான் உச்சத்துக்குப் போகும், அதற்குப் பிறகு பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குறையும் என்கிறார்கள். இவனுக்கு எட்டுதான் ஆகிறது. அதனால் இன்னும் இரண்டு மூன்று வருஷம் அதிகமாகத் தெரியலாம், பயப்படாதீர்கள். கழுத்து வலிக்கிறது என்று சொன்னால் மட்டும் எனக்கு ஒரு போன் பண்ணுங்கள்.

அடுத்த வாரம் வியாழனும் வெள்ளியும் கோவை போகிறோம், வண்டிக்கு வர மாட்டான். திங்கட்கிழமை வழக்கமான நேரத்துக்கு ஸ்டாப்பில் நிற்போம்.

இப்படிக்கு,
அவன் அம்மா