டிரிஸ்டனில் இறங்க ஒரு நாள் போதாது

தூத்துக்குடி

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. உங்கள் பயணக் கப்பலுக்காக நீ போட்டு அனுப்பிய அட்டவணையை முழுதும் படித்தேன். அர்ஜென்டினாவின் தென்கோடியில் உள்ள உஷுவாயாவில் புறப்பட்டு தெற்கு ஜார்ஜியா, டிரிஸ்டன் ட குன்யா, செயின்ட் ஹெலினா என்று வடக்கே ஏறுகிற வழி நல்ல வழி. மார்ச் கடைசியில் வைத்ததும் சரி. ஆனால் டிரிஸ்டனுக்கு நேரே "காலை 8 முதல் மாலை 5 வரை" என்று ஒரே நாளைப் போட்டிருக்கிறாய். முதலில் அதை மாற்று. அந்தத் தீவுக்கு ஒரு நாள் ஒதுக்குவதும் ஒதுக்காமல் விடுவதும் ஒன்றுதான்.

வரைபடத்தை எடுத்துப் பார். தென் அட்லாண்டிக்கின் நடுக்கடலில் எழுந்து நிற்கும் எரிமலை அது, பிரிட்டனுக்கு உட்பட்ட தீவு. உச்சி 2,062 மீட்டர், தீவின் குறுக்களவு 12 கிலோமீட்டர்கூட வராது. சுற்றிலும் பல நூறு மீட்டர் செங்குத்துப் பாறை. வடமேற்கில் மட்டும் ஒரு துண்டு சமவெளி இருக்கிறது. இருநூறு சொச்சம் பேர் வாழும் ஊர் அங்கேதான். விமான நிலையம் கிடையாது. கேப் டவுன் 1,500 கடல் மைலுக்கு அப்பால். கப்பலை அணைத்துக் கட்டத் துறையும் இல்லை. கால்ஷாட் என்ற சின்னஞ்சிறு படகுத்துறை ஒன்றுதான் வாசல். 1961 அக்டோபரில் ஊருக்குப் பக்கத்திலேயே எரிமலை வெடித்தது. பழைய இறங்குகரைகளை எரிமலைக் குழம்பு மூடியது, மீன் தொழிற்சாலையும் போயிற்று. ஊர் முழுவதையும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். 1963இல் மக்கள் திரும்பி வந்தார்கள். 1967இல் இந்தத் துறையைக் கட்டி முடித்தார்கள். தங்கள் படகையே வேலை முடிந்ததும் கிரேனால் கரைக்குத் தூக்கிவிடுகிறார்கள் என்றால், அங்கே கடல் எப்படிப்பட்டது என்று நீயே புரிந்துகொள்வாய்.

துறை வடக்கு பார்த்தது. தெற்கு, தென்மேற்குக் காற்றுக்கு மலை மறைப்பாக நிற்கும். வடமேற்கிலிருந்து ஸ்வெல், அதாவது தொலைவிலிருந்து உருண்டு வரும் நீண்ட அலை, வந்தால் மறைக்க ஒன்றும் இல்லை. தெற்கே ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்வழுத்தங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றும் நெருங்குகையில் காற்று வடமேற்குக்குத் திரும்பும், கடந்து போனதும் தென்மேற்குக்கு மாறும். நம் கரையில் காற்றே இல்லாத நாளில் கள்ளக்கடல் வந்து அடிக்கிறதே, அதே கதைதான் அங்கும். தொலைவில் எங்கோ அடித்த புயலின் அலை காற்றுக்கு முன்னால் வந்து சேரும். மேல்தளத்தில் வெயில் காய்ந்துகொண்டு நிற்பவர்களுக்கு ஏன் இறங்க முடியவில்லை என்பதே விளங்காது.

ஆகவே முன்னறிவிப்பில் அலையின் உயரத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்லாதே. திசையையும், இரண்டு அலைக்கு நடுவே எத்தனை நொடி என்பதையும் சேர்த்துப் பார். 7 நொடியில் வரும் 2 மீட்டர் அலை தெற்கிலிருந்து வந்தால் அந்தத் துறையில் வேலை நடக்கலாம். 14 நொடியில் வரும் ஒன்றரை மீட்டர் அலை வடமேற்கிலிருந்து வந்தால் நடக்காது. நீண்ட இடைவெளி அலையில் நகரும் தண்ணீர் அதிகம். அது வாயில் வழியே உள்ளே ஏறி, படகை மேலே தூக்கி, பிறகு மொத்தமாக வெளியே இழுக்கும். கப்பலின் பக்கவாட்டில் இறக்கும் படிக்கட்டான கேங்வேயிலும் அதே தொல்லை. ரப்பர் படகு ஒரு கணம் கீழ்ப்படிக்கு மேலே, மறுகணம் ஒரு ஆள் உயரம் கீழே. வயதான பயணிகளை அதில் ஏற்றக் கூடாது.

இனி கணக்கு. உன் கப்பலில் 100 பயணிகள். ஒரு ரப்பர் படகுக்கு 10 பேர் என்றால் 10 நடை. எட்டுப் படகு இருக்கிறதே என்று நினைக்காதே, துறைக்குள் ஒரு நேரத்தில் ஒரு படகு இறக்குவதாகத்தான் கணக்குப் போட வேண்டும். வாயிலுக்கு வெளியே நின்று அலைகளின் கூட்டம் கடந்து போகிறதா என்று பார்க்க வேண்டும். ஓர் அலையின் முதுகோடு உள்ளே நுழைந்து, படியருகே ஒட்டி, ஒவ்வொருவராக முன்கையை முன்கையால் பற்றி, படகு மேலே எழும்பி நிற்கும் அந்தக் கணத்தில் மட்டும் கரையேற்ற வேண்டும். ஒரு படகுக்கு 8 நிமிடம் வை. பத்துப் படகுக்கு 80 நிமிடம். திரும்பவும் அதே 80 நிமிடம். 500 பேர் வரும் கப்பலுக்கு இதே கணக்கைப் போட்டால் இறக்குவதற்கு மட்டும் 6 மணி நேரத்துக்கு மேல் போய்விடும். உங்கள் பெரிய கப்பலையும் அங்கே அனுப்பலாமா என்று அலுவலகத்தில் யாராவது கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டு.

மூன்று நாளாவது ஒதுக்கு. தெற்கு ஜார்ஜியாவிலிருந்து சுமார் 1,400 கடல் மைல், 13 நாட் (மணிக்கு 13 கடல் மைல்) வேகத்தில் நாலரை நாள். அங்கிருந்து செயின்ட் ஹெலினா 1,300 மைலுக்குச் சற்று மேல், நாலு நாளுக்குக் கொஞ்சம் கூட. டிரிஸ்டனை முடித்தபின் மிஞ்சும் நாளை செயின்ட் ஹெலினாவில் செலவழிக்கலாம். அங்கே விமானம் பிடிப்பவர்களுக்கு டிக்கெட் போடும்போது ஒரு நாளாவது தள்ளிப் போடு. டிக்கெட் நெருக்கமாக இருந்தால் கேப்டன் மேல் அழுத்தம் வரும். இறங்கக் கூடாத கடலில் இறக்கிவிடும் தவறு அப்படித்தான் நடக்கிறது.

அனுமதியை மிக முன்னதாகவே கேள். தீவின் நிர்வாகியும் தீவு மன்றமும் ஒப்புதல் தர வேண்டும். ஆள் கணக்கு, கட்டணம், எந்த இடத்துக்கு எத்தனை பேர், வழிகாட்டி எத்தனை பேர் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிவிடு. கப்பலின் சுகாதாரச் சான்றிதழ் 6 மாதம்தான் செல்லும். அங்கே சேரும் நாளுக்கு அது காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று இப்போதே பார். எலி விஷயத்தில் அவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், விடவும் கூடாது. 1882இல் ஹென்றி பி. பால் என்ற கப்பல் கரைதட்டியபோது ஏறிய எலி இன்றும் பெரிய தீவில் இருக்கிறது. பக்கத்துத் தீவுகளான நைட்டிங்கேலும் இன்அக்சஸிபிளும் இன்னும் எலி ஏறாத தீவுகள். உலகிலேயே மிகச் சிறிய பறக்காத பறவை இன்அக்சஸிபிளில் மட்டும்தான் வாழ்கிறது. ஒரே ஒரு சினை எலி ஏறினால் போதும், அந்தப் பறவை இனமே அற்றுப்போகலாம்.

இந்த இடத்தில் நீ நேரம் செலவழிக்க வேண்டும், கயல். டிரிஸ்டனில் செய்யக்கூடிய மிகப் பெரிய கேடு அங்கே போய் இறங்கும்போது நடப்பதில்லை, தெற்கு ஜார்ஜியாவில் காலுறையில் ஒட்டும்போதே தொடங்கிவிடுகிறது. அங்கே அகேனா என்ற செடியின் முள்விதை, நம் ஊர் நாயுருவிபோல, துணியில் பிடித்தால் விடாது. அதனால் கடலில் இருக்கும் அந்த நாலரை நாளில் இரண்டாம் நாளை இதற்கென்றே வைத்துக்கொள். கடைசி நாள் என்று விட்டால் கடல் கெட்டு, பாதிப் பேர் படுக்கையில் கிடப்பார்கள். ஒவ்வொருவரும் வெளியுடை, முதுகுப்பை, காமிராப் பை, கைத்தடி, காமிரா முக்காலி எல்லாவற்றையும் கொண்டு வரட்டும். பையின் உள்மூலை, பேன்ட் மடிப்பு, ஒட்டுப்பட்டையின் (வெல்க்ரோ) கொக்கிப் பக்கம், காலணியின் நாக்கு, இந்த நாலு இடத்தில்தான் விதை ஒளிந்திருக்கும். வேக்குவம் போட்டபின் ஒட்டுப்பட்டையைக் குத்தூசியால் கிளறிப் பார்க்கச் சொல். பூட்ஸை முதலில் பிரஷ் போட்டு மண் போகக் கழுவி, பிறகு விர்கான் என்ற கிருமிநாசினிக் கரைசலில் நிறுத்து. லிட்டருக்கு 10 கிராம். மண் ஒட்டியிருந்தால் மருந்து வேலை செய்யாது, ஆகவே வரிசையை மாற்றாதே. இறங்கும் காலையில் இன்னொரு முறை, இரண்டு தீவுகளுக்கு நடுவிலும் இன்னொரு முறை. 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியாவில் பறவைக் காய்ச்சல் உறுதியானது. இனி இது விதைக்காக மட்டும் செய்யும் வேலை இல்லை. கரையில் யாரும் பறவைகள் இருக்கும் தரையில் உட்காரவோ பையைக் கீழே வைக்கவோ கூடாது.

பழம், காய், விதை எதுவும் பையில் போகக் கூடாது. மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தில் ஆப்பிள் வைப்பது கப்பல் சமையலறையின் பழக்கம். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

இரவில் விளக்கு. பெட்ரல் வகைக் கடற்பறவைகள் வெளிச்சத்தைப் பார்த்து வந்து தளத்தில் மோதி விழும். மூடுபனியும் தூறலும் இருந்தால் நூற்றுக்கணக்கில் விழக்கூடும். பொழுது சாய்ந்ததும் எல்லா அறைகளிலும் திரையை இழுத்துவிட வேண்டும். நங்கூர விளக்கும் பாதுகாப்புக்கு வேண்டிய விளக்கும் தவிர மற்றதை அணைத்துவிடு. விடிவதற்கு முன் ஒருவர் எல்லாத் தளத்தையும் சுற்றி வரட்டும். விழுந்த பறவையை அட்டைப்பெட்டியில் இருட்டில் வைத்து, இறகு உலர்ந்த பின் விடலாம். கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

சளி, காய்ச்சல் உள்ளவர்களை இறக்காதே. கப்பல் வந்து போனபின் ஊரில் சளி பரவுவது அங்கே பழைய வழக்கு. ஆஸ்துமா அங்கே அதிகம். அதைப் பற்றி மருத்துவ ஆராய்ச்சிகளே நடந்திருக்கின்றன. இருப்பது கமோக்ளி என்ற ஒரே சிறிய மருத்துவமனை. முந்தின இரவு கப்பல் மருத்துவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பட்டியல் உன் கையில் இருக்கட்டும்.

நங்கூரமிடும் இடம் கடினமான தரை, கரையிலிருந்து சீக்கிரமே ஆழமாகிவிடும். நங்கூரம் பிடித்திருக்கிறது என்று நம்பி எஞ்சினை நிறுத்தக் கூடாது. தெற்குக் காற்றில் கடல் அமைதியாகத் தெரியும், ஆனால் மலையிலிருந்து திடீர் வீச்சு இறங்கிக் கப்பலைச் சுழற்றும். கெல்ப் பாசி எஞ்சினின் குளிர்நீர்த் துளையை அடைக்கும். ஒரு படகு எப்போதும் பயணிகள் இல்லாமல், இழுவைக் கயிறோடு, வெளியே காத்திருக்கட்டும், ஓட்டுநர் மட்டும் போதும். எந்த நாளும் துறை திறந்ததா மூடியதா என்பதைத் தீவுக்காரர்கள்தான் சொல்வார்கள். அவர்கள் "முடியாது" என்றால் அதோடு பேச்சு முடிந்தது. வாதாட வேண்டாம் என்று உன் குழுத்தலைவரிடமும் சொல்லிவை.

அவர்களுடைய பிழைப்பையும் யோசி. கல்லிறால்தான் தீவின் வருமானம். கடல் நன்றாக இருக்கும் காலையில், தொங்கவிட்டிருக்கும் பழைய எரிவாயு உருளையை அடித்துத் தொழிலுக்குக் கூப்பிடுவார்கள். உனக்கு நல்ல நாள் அவர்களுக்கும் நல்ல நாள்தான். அன்று துறை அவர்களுடையது, உங்கள் படகுகள் அவர்கள் சொல்லும் நேரத்தில் போய் வரட்டும்.

கரையில் ஊருக்குள் சுற்றுவது, 1961 எரிமலைக்கு ஏறுவது, மேற்கே 3 கிலோமீட்டரில் உருளைக்கிழங்குத் தோட்டம் என்று மூன்று குழுவாகப் பிரி. எரிமலைக் கல் கூர்மையானது, கணுக்கால் மூடிய காலணி இல்லாதவரை அந்தக் குழுவில் சேர்க்காதே. பிரிட்டிஷ் பவுண்டைச் சில்லறையாகக் கொண்டுபோகச் சொல். தபால்தலையும் கம்பளி உடுப்பும் வாங்காமல் யாரும் வர மாட்டார்கள். வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்துப் படம் எடுப்பதை மட்டும் கண்டிப்பாகத் தடுத்துவிடு. அது ஊர், காட்சிப்பொருள் இல்லை.

இப்போது திரும்பும் நேரம். ஸ்வெல் ஏறுகிறது என்று தெரிந்த நிமிடத்தில் எல்லோரையும் ஏற்ற எவ்வளவு நேரம் வேண்டும்? தோட்டத்திலிருந்து நடந்து வர ஒரு மணி நேரம், ஏற்ற 80 நிமிடம், தேடிப் பிடிக்க 10 நிமிடம். ஆக இரண்டரை மணி நேரம். மாலை 5க்குக் கடல் கெடும் என்று முன்னறிவிப்பு சொன்னால், தூரத்தில் இருப்பவர்களை 2:30க்கே அழைக்க வேண்டும். கண்ணெதிரே கடல் நன்றாகத்தான் இருக்கும், அதனால் முணுமுணுப்பார்கள். அழைத்துவிடு. அப்படியும் சிலர் கரையில் மாட்டிக்கொள்ளலாம். அதற்காக ஒவ்வொருவரும் இரண்டு நாள் மருந்தைக் கைப்பையில் வைத்திருக்க வேண்டும். முதல் படகிலேயே போர்வை, தண்ணீர், முதலுதவிப் பெட்டி, உதிரி வி.எச்.எஃப். ரேடியோ போய்விட வேண்டும்.

யார் எந்தக் குழுவில், எந்த மணிக்கு இறங்கினார், எங்கே இருக்கிறார் என்ற பட்டியல் கப்பலில் ஒன்று, கரையில் ஒன்று. 2019 டிசம்பர் 9 அன்று நியூசிலாந்தின் வாக்காரி தீவு வெடித்தபோது 47 பேர் தீவில் இருந்தார்கள். அதில் பலர் ஒரு பயணக் கப்பலிலிருந்து வந்தவர்கள். 22 பேர் இறந்தார்கள். டிரிஸ்டன் அப்படிப் புகைந்துகொண்டிருக்கும் மலை இல்லை, ஆனாலும் உயிருள்ள மலைதான். 2004இல் நைட்டிங்கேலுக்கு அருகே கடலடியில் வெடித்தது. பட்டியல் ஒரு சடங்காகிவிடக் கூடாது.

நைட்டிங்கேல் அங்கிருந்து 20 கடல் மைல். முதலில் டிரிஸ்டனில் வழிகாட்டிகளை ஏற்றிக்கொண்டுதான் அங்கே போக வேண்டும், பிறகு அவர்களை வீட்டில் கொண்டுவந்து விடவும் வேண்டும். இந்தத் திரும்பல் பயணம் உன் அட்டவணையில் இல்லவே இல்லை. துறை மூடிவிட்டால் அவர்களை செயின்ட் ஹெலினாவுக்குக் கொண்டுபோக முடியாது, காத்திருக்கத்தான் வேண்டும். மூன்றாம் நாள் அதற்கும் சேர்த்துத்தான். இறங்க அனுமதி கிடைக்காவிட்டால் காற்றுமறைவான பக்கம் படகிலேயே சுற்றிக் காட்டலாம். ராக்ஹாப்பர் பென்குயின் அப்போதும் இருந்தால் தண்ணீரிலிருந்தே பார்க்கலாம். கரைக்கு ரொம்ப ஒட்டாதே. 2011 மார்ச்சில் ஒலிவா என்ற சரக்குக் கப்பல் நேராகப் போய் அந்தத் தீவில் மோதி, 1,500 டன் எண்ணெயோடு உடைந்தது. பென்குயின்கள் ஆயிரக்கணக்கில் எண்ணெயில் நனைந்தன.

பயணிகளுக்கு அனுப்பும் கையேட்டில், பணம் கட்டுவதற்கு முன்பே அவர்கள் படிக்கும் இடத்தில், டிரிஸ்டனில் இறங்குவது உறுதியில்லை என்று பெரிய எழுத்தில் போடு. இறங்க முடியாத நாளில் என்ன செய்வோம் என்பதையும் மணிவாரியாக எழுது. தீவைச் சுற்றி ஓட்டம், பறவை பார்த்தல், முடிந்தால் தீவுக்காரர் ஒருவரைக் கப்பலுக்கு அழைத்துப் பேசச் சொல்வது. தெரிந்து வந்தவர்கள் சண்டை போடுவதில்லை.

அட்டவணையைத் திருத்தி அனுப்பு. கூடவே நங்கூர இடத்தின் ஆழம் குறித்த வரைபடப் படியும் வேண்டும். கேங்வே எந்தப் பக்கம் இறக்கினால் மறைவு கிடைக்கும் என்று காற்றுத் திசைவாரியாகக் குறித்துத் தருகிறேன். அம்மா நன்றாக இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை உன் அழைப்புக்குக் காத்திருப்போம்.

அன்புடன்,
அப்பா