முழந்தாள் பலகை எங்கே போயிற்று? – பங்குத்தந்தைக்கும் பங்குப் பேரவைக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும், பங்குப் பேரவை, நிதிக்குழு உறுப்பினர்களுக்கும் தோத்திரம்.

செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாள் முடிந்து சனம் கலைந்த பிறகு வடக்கு வாசலில் நின்ற மினி லாரியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நம் கோவிலின் இருபத்து நான்கு பெஞ்சுகளும், பீடத்தின் முன் முழந்தாளிட்டு நன்மை (நற்கருணை) வாங்கும் கிராதியும் அதில் ஏறின. ஏற்றும்போது ஒரு பெஞ்சின் கால் வாசற்படியில் இடித்து முறிந்ததாம். “எப்படியும் அறுக்கத்தானே போகிறது” என்று யாரோ சொன்னார்களாம். மறுநாள் காலைப் பூசைக்குப் போனால், நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன.

விற்ற பெஞ்சுகளைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு எண்பத்தொரு வயது. பூசையில் குருவானவர் அப்பத்தை உயர்த்தும்போது ஒலிக்கும் எழுந்தேற்ற மணி அடித்தால் முழந்தாளிட வேண்டும் என்பது அவர் உடம்பில் ஊறிவிட்ட பழக்கம். “உட்கார்ந்தே செபியுங்கள் அம்மா” என்று தாங்கள் கனிவோடு சொன்னதை நான் மறக்கவில்லை. மணிச் சத்தம் கேட்டதும் அம்மா மறந்துவிடுகிறார். பெஞ்சு இருந்தவரை அதற்கு ஒரு வழி இருந்தது. முன்பெஞ்சின் முதுகுப் பலகையில் இரண்டு கைகளையும் ஊன்றி, முழந்தாள் பலகையில் மெல்ல இறங்குவார். எழும்போதும் அதே பலகைதான் துணை. நான்கு ஆண்கள் சேர்ந்தால்தான் நகரும் பெஞ்சு அது. அந்தக் கனத்தை நம்பித்தான் அம்மா எழுந்துகொண்டிருந்தார்.

போன ஞாயிறு அதே பழக்கத்தில் முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்தார். புதிதாகப் பதித்த பளபளக்கும் டைல்ஸில் நாற்காலி வழுக்கிக்கொண்டு போனது. அம்மாவும் அதன் பின்னாலேயே போனார். பாடல் குழுப் பிள்ளைகள் இருவர் ஓடிவந்து தூக்கினார்கள். எலும்பு முறியவில்லை, ஆண்டவருக்கு நன்றி. நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான். ஆனால் பூசை முடியும்வரை அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. வீட்டுக்கு வந்து முக்காட்டை மடித்து வைத்துவிட்டு, “இனி நான் டிவியிலேயே பூசை பார்த்துக்கொள்கிறேன்” என்றார்.

பெண்கள் பக்கம் ஆறாம் பெஞ்சின் முழந்தாள் பலகையில் இரண்டு குழிகள் உண்டு. தச்சர் செதுக்கியவை அல்ல. அம்மாவுக்கு முன் பாட்டி, பாட்டிக்கு முன் அவருடைய மாமியார் என்று ஒரே இடத்தில் முழந்தாளிட்டுத் தேய்ந்த குழிகள். பிரசங்கம் நீண்டால் நான் தரையில் உட்கார்ந்து அந்தக் குழியில் புளியங்கொட்டையை உருட்டுவேன். பாட்டி குனியாமலே கிள்ளுவார். இந்தப் பலகையை எடைக்கு விற்றீர்களா, கன அடிக்கு விற்றீர்களா என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

கறையான் அரித்துவிட்டது என்றார் நிதிக்குழு உறுப்பினர் ஒருவர். வைரம் பாய்ந்த தேக்கைக் கறையான் தின்றது என்று எங்களிடமே சொல்கிறீர்களே, தோணி கட்டிய ஊர் இது, சாமி.

கிராதியை எடுத்ததற்கு, உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைக் காரணம் காட்டினீர்கள். அந்தச் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டில் கிராதியை அகற்றச் சொல்லி ஒரு வரியும் இல்லை. மாறாக, அதன் 126ஆம் எண் என்ன சொல்கிறது? ஆலயத்தின் திருப்பொருள்களும் மதிப்புமிக்க கலைப்பொருள்களும் கைமாறிப் போகாமலும் சிதறிப் போகாமலும் ஆயர்கள் மிகுந்த கவனத்தோடு பார்த்துக்கொள்ள வேண்டும், அவை இறைவனின் இல்லத்துக்கு அணிகலன்கள் என்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1283ஆம் எண், பொறுப்பேற்பவர் ஆலயச் சொத்துகளுக்கு விவரமான பட்டியல் எழுதிக் கையொப்பமிட வேண்டும், ஒரு படி நிர்வாகக் காப்பகத்திலும் இன்னொரு படி ஆயரகத்திலும் இருக்க வேண்டும் என்கிறது. கலையாலும் வரலாற்றாலும் விலைமதிப்புள்ள பொருளைக் கைமாற்ற வேண்டுமானால் உரோமையின் அனுமதியே வேண்டும் என்பது 1292. எங்கள் பெஞ்சு அந்த வகையில் சேராது என்று தாங்கள் வாதாடலாம். வாதாடுவதற்காவது ஒரு பட்டியல் வேண்டாமா? மூன்று முறை கேட்டும் யாரும் காட்டவில்லை.

சொல்ல வந்ததை விட்டு விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சூசையப்பர் சுரூபத்துக்கு எனாமல் பெயின்ட் அடித்தது யாருடைய யோசனை? மர நிறத்தில் தாடியும், வயதான தச்சருக்கு உரிய களைத்த கண்களுமாக இருந்தவர், இப்போது உதட்டுச்சாயத்தோடு கல்யாண மாப்பிள்ளைபோல நிற்கிறார். பழமையாலோ கலையாலோ மக்களின் பக்தியாலோ மதிப்புப் பெற்ற சுரூபத்தைச் செப்பனிட ஆயரின் எழுத்துமூல அனுமதி வேண்டும், அவரும் வல்லுநர்களைக் கேட்டுத்தான் தர வேண்டும் என்பது அதே சட்டத்தின் 1189ஆம் எண். நம் சூசையப்பரைப் பார்த்த வல்லுநர், கொடிமரத்துக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர். திருவிழாவுக்குச் செண்டை மேளம் வரவழைக்கப் பணம் இருந்தது. பெஞ்சுக்கு ஒரு கை வார்னிஷ் அடிக்கத்தான் பணம் இல்லை.

இன்னொன்றும் காதில் விழுந்தது. அந்தக் காலத்தில் பெஞ்சில் உட்காரச் சிலருக்கும் தரையில் உட்காரப் பலருக்கும் என்று இருந்ததாம், அந்த ஏற்றத்தாழ்வு ஒழியத்தான் விற்றோம் என்கிறீர்களாம். தரையில் உட்கார்ந்தவர்கள் இருந்தார்கள், மறுக்க மாட்டேன். வடக்கன்குளத்துக் கோவிலில் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்து வைத்த தடுப்பை 1910இல் இடித்தார்கள். அதற்காக நியாயம் தெரிந்தவர் யாரும் வருந்த மாட்டார்கள். ஆனால் தடுப்பு வேறு, பெஞ்சு வேறு. நம் பெஞ்சுகளில் எல்லோரும் கலந்து உட்காரத் தொடங்கி இரண்டு தலைமுறை ஆகிறது. எல்லோருக்கும் இடம் கிடைத்த பிறகு அதைத் தூக்கி விற்பது என்ன சமத்துவம்?

தஞ்சாவூரில் சிவகங்கைப் பூங்கா அருகே 1779இல் கட்டிய சுவார்ட்ஸ் ஆலயம் இருக்கிறது. அந்த சுவார்ட்ஸ் பாதிரியாரின் மரணப் படுக்கையருகே தாம் நிற்பதுபோல, லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு சரபோஜி மன்னர் செய்வித்த பளிங்குச் சிற்பம் இன்றும் அங்கே இருக்கிறது. கிறிஸ்தவர் அல்லாத அரசருக்கு ஓர் ஆலயத்துக்குள் என்ன வைக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. நமக்கு எதை வெளியே தள்ளலாம் என்று மட்டும் தெரிகிறது.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் மன்னியுங்கள். தங்கள் மேல் எனக்குப் பகையில்லை. அப்பா படுத்த படுக்கையாய்க் கிடந்தபோது மழையில் நனைந்துகொண்டு நன்மை கொண்டுவந்தவர் தாங்கள்தான்.

மரக்கடைக்காரர் இன்னும் அறுக்கவில்லை. நேற்று போய்ப் பார்த்தேன். பெஞ்சுகள் ஓலைக் கொட்டகையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன; கிராதி சுவரில் சாய்ந்திருக்கிறது. கொடுத்த விலைக்கே திருப்பித் தருவதாகச் சொல்கிறார், அடுத்த சனிக்கிழமை வரை காத்திருப்பாராம். அந்தப் பணத்தையும் லாரி வாடகையையும் எங்கள் அன்பியத்தில் (அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் செபக்குழுவில்) பிரித்துக் கட்டிவிடுகிறோம். பேரவை ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெஞ்சுகளைத் திருப்பிக் கொண்டுவர அனுமதியுங்கள். அதுவரை பிரசங்கம் செய்யும் மேடையான பிரசங்கத் தொட்டியிலும் பாவசங்கீர்த்தனம் கேட்கும் கூண்டான பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும் யாரும் கை வைக்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெண்கள் பக்கம் ஆறாம் பெஞ்சுக்காரி