ஒரே நேரத்தில் இரண்டு பேரா?

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்வதற்குள் சின்னவள் டிவி ரிமோட்டைத் தண்ணீர் டம்ளருக்குள் போட்டுவிட்டாள். நீ ஓடிவிட்டாய். அப்புறம் கூப்பிடவும் இல்லை. சரி, எழுதி அனுப்பினால் இருவரும் தூங்கிய பிறகு ஆற அமரப் படிப்பாய் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பெரியவனுக்கு ஐந்து, சின்னவளுக்கு இரண்டு. இருவரையும் ஒரே நீச்சல் மாஸ்டரிடம், ஒரே அரை மணி நேரத்தில் சேர்த்துவிட்டால் ஒரு நடையில் வேலை முடிந்துவிடும் என்கிறாய். வேண்டாம். நீ இதே ஐந்திலும் உன் தம்பி இதே இரண்டிலும் இருந்தபோது நான் அதைச் செய்து பார்த்தாயிற்று.

அந்த மாஸ்டர் நல்ல மனிதர். ஆனால் முதல் நாள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்ட உன் தம்பி கடைசி வகுப்பு வரை விடவே இல்லை. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த ஒரு கையால் உனக்கு "காலை உதை, காலை உதை" என்று காட்டிக்கொண்டிருப்பார். நீ விளிம்பைப் பிடித்துக்கொண்டு உதைத்துக்கொண்டே இருப்பாய். எட்டு வகுப்பு முடிந்தபோது உனக்கு உதைக்கத் தெரிந்திருந்தது, அவனுக்குக் கழுத்தைக் கட்டிக்கொள்ளத் தெரிந்திருந்தது. கட்டிய பணத்துக்கு அவ்வளவுதான்.

இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் தண்ணீரில் ஒரே பாடம் இல்லை. சின்னவளுக்கு வேண்டியது அம்மாவோ அப்பாவோ கூடவே இறங்கும் வகுப்பு. ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர், அதில் பேரமே கிடையாது. பாட்டுப் பாடிக்கொண்டு தண்ணீரைத் தட்டுவது, வாயால் குமிழி விடுவது, சுவரைப் பிடித்துக் கை மாற்றி மாற்றி நகர்வது, படியில் தவழ்ந்து வெளியே ஏறுவது, இதுதான் அங்கே சொல்லித்தருவார்கள். பார்த்தால் விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் தவறி விழுந்த பிள்ளை திரும்பிச் சுவரைப் பிடிக்க வேண்டும் என்பது அந்த விளையாட்டில்தான் கைக்குப் பழகும். பெரியவன் விஷயம் வேறு. அவனை நான்கைந்து பிள்ளைகள் உள்ள சின்னக் குழுவில் விடு. அவன் அம்மா முகத்தைத் தேடாமல் மாஸ்டர் முகத்தைப் பார்க்க வேண்டும். தங்கையும் அதே வகுப்பில் இருந்தால் ஒன்று அவளுக்கு வேடிக்கை காட்டுவான், இல்லை அவளைப் போலவே சிணுங்குவான்.

"இரண்டு வயதில் இதெல்லாம் தேவையா?" என்று மாப்பிள்ளை கேட்டாராமே. கேட்டதில் தப்பே இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமே ஒரு காலத்தில் 4 வயதுக்கு முன்னால் வேண்டாம் என்றுதான் சொல்லிவந்தது. 2010-இல் அதைத் தளர்த்தினார்கள். 2019-இல், 1 வயதிலிருந்தே பயிற்சி கொடுப்பது மூழ்கும் ஆபத்தைக் குறைக்க உதவலாம் என்று எழுதினார்கள். 1 வயது ஆகாத கைக்குழந்தைக்கு அந்தப் பலன் இருப்பதாகச் சான்று இல்லை. 4 வயது வாக்கில் பெரும்பாலான பிள்ளைகள் முறையாகக் கற்கத் தயாராகிவிடுகிறார்கள். ஆகவே பெரியவனை இனிமேல் தள்ளிப்போடாதே. சின்னவளை இப்போதே இறக்கலாம், ஆனால் மூன்று மாதத்தில் நீந்திக் காட்டுவாள் என்று எதிர்பார்க்காதே.

நேரம் ஒதுக்குவதுதான் உண்மையான தலைவலி. நீங்கள் இரண்டு பேரும் போக முடிகிற நாள் என்றால், ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பு இருக்கிற இடமாகப் பார். நீ சின்னவளோடு தண்ணீரில், மாப்பிள்ளை பெரியவனைப் பார்த்தபடி கரையில். அடுத்த வாரம் மாறிக்கொள்ளுங்கள். ஒருவர்தான் போக முடியும் என்றால் இரண்டு பிள்ளைக்கும் இரண்டு நாள், மற்றது வீட்டில் இருக்கட்டும். அடுத்தடுத்து வைத்தால் போதாதா என்பாய். நீ சின்னவளோடு தண்ணீரில் நிற்கும்போது பெரியவனைக் கரையில் யார் பார்ப்பது? அவன் வகுப்பு நடக்கும்போது, ஈரத் துணியோடு நடுங்கும் சின்னவளை வைத்துக்கொண்டு நீ யாரைப் பார்ப்பாய்?

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால் அந்த ஏழாவது வகுப்புதான் காரணம். "நானே குதிச்சேன்" என்று தம்பியிடம் இன்னமும் பெருமையடிப்பாயே, அந்த நாள். நீ குதிக்கவில்லை. வகுப்பு முடிந்துவிட்டது, மாஸ்டர் அடுத்த பிள்ளைகளைக் கூப்பிடப் போய்விட்டார். உன்னைக் குளத்தின் மேல்படியில் உட்காரச் சொல்லிவிட்டு உன் தம்பிக்குத் தலை துவட்டினேன். டவல் அவன் முகத்தை மூடியிருந்தது. உள்ளேயிருந்து "பே, பே" என்று எனக்குப் பூச்சாண்டி காட்டிக்கொண்டிருந்தான். நானும் பயந்ததுபோல நடித்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் படியில் நீ இல்லை. சத்தமே கேட்கவில்லை. கை அடிக்கவில்லை, கூப்பிடவில்லை. உன் தலைமுடி மட்டும் மேலே விரிந்து மிதந்தது, ஒரு சாண் கீழே உன் கண் திறந்திருந்தது. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மா எனக்கு முன்னால் இறங்கி உன்னைத் தூக்கிவிட்டார். நீ இருமினாய், என் புடவை முழுக்கத் தண்ணீர் துப்பினாய், அப்புறம் பிஸ்கட் கேட்டாய். எனக்குத்தான் கை நடுக்கம் நிற்க ராத்திரி ஆனது.

மூழ்குகிறவர்கள் கையை ஆட்டிக் கத்துவார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். மூச்சு விடவே வாய் மேலே வராதபோது கத்துவது எப்படி? 2021-இல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் கிட்டத்தட்ட கால்வாசி 5 வயது நிரம்பாத குழந்தைகள். அதனால் வகுப்பில் சேர்த்துவிட்டோம், இனிப் பயமில்லை என்ற நினைப்பு மட்டும் வரவே கூடாது. தண்ணீரிலோ தண்ணீர் ஓரத்திலோ சின்னவள் எப்போதும் உன் கைக்கு எட்டும் தூரத்தில். போன் பைக்குள். வீட்டில் குளியலறை வாளிக்கும் இதே சட்டம்தான், சில அங்குலத் தண்ணீரே போதும்.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வகுப்பையாவது உட்கார்ந்து பார். அழுகிற பிள்ளையை வலுக்கட்டாயமாக முக்கி எடுக்கிற மாஸ்டர் என்றால் அப்படியே எழுந்து வந்துவிடு. "பயம் தெளியும்" என்பார்கள். தெளியாது, குளிப்பாட்டும்போது தலையில் தண்ணீர் ஊற்றினால்கூட அலறும். முதல் மாதத்தில் என்ன சொல்லித்தருவீர்கள் என்று கேள். ஃப்ரீஸ்டைல் என்று ஆரம்பித்தால் எனக்குப் பிடிக்காது. மல்லாந்து மிதக்க, திரும்பிச் சுவரைப் பிடிக்க, தானே ஏறி வெளியே வர என்றால் பேசலாம்.

அப்படியே தண்ணீரில் கையை விட்டுப் பார். போட்டிக் குளங்களில் 25 முதல் 28 டிகிரி செல்சியஸ்தான் வைப்பார்கள். அது நீந்திக்கொண்டே இருக்கும் பெரியவர்களுக்கு. பாதி நேரம் சும்மா நிற்கிற சின்னவளுக்கு 32 டிகிரி பக்கம் இருந்தால்தான் தாங்கும், சின்ன உடம்பு சீக்கிரம் சூட்டை இழந்துவிடும். உதடு நீலம் பூத்தாலோ பல் கிட்டினாலோ வெளியே தூக்கிவிடு. இன்னும் பத்து நிமிடம் இருக்கிறதே, கட்டின பணம் ஆயிற்றே என்று பார்க்காதே.

கைகளில் மாட்டும் காற்றுப் பட்டை வாங்கியிருப்பதாகச் சொன்னாய். உள்ளே எடுத்து வை. அது பிள்ளையை நெட்டுக்குத்தாக நிற்கவைத்துப் பழக்கிவிடும், மிதக்கிறவனுக்குப் படுக்கத் தெரிய வேண்டும். அதைவிட மோசம், பட்டை இல்லாத நாளிலும் தனக்கு மிதக்கத் தெரியும் என்று பெரியவன் நம்பிவிடுவான். நீச்சலுடை பளிச்சென்ற ஆரஞ்சிலோ அடர்ந்த ரோஸிலோ எடு. அந்த வெளிர் நீலம் அழகுதான், தண்ணீருக்குள் போனால் கண்ணுக்கே தெரியாது.

சின்னவளுக்கு ஸ்விம் டயப்பர் கட்டாயம். அது மூத்திரத்தைத் தாங்காது, மலத்தையும் கொஞ்ச நேரம்தான் தடுக்கும், அதனால் இடையில் ஒரு தடவை தூக்கிப் பார்த்துக்கொள். பேதி இருந்தால் அந்த வாரம் குளம் கிடையாது. சில கிருமிகள் குளோரின் தண்ணீரிலும் நாள் கணக்கில் உயிரோடு இருக்கும், மற்ற பிள்ளைகள் பாவம். பெரியவனுக்கு அடிக்கடி காது வலி வருமே, சேர்ப்பதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு.

சின்னவளோடு இறங்க உனக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்த வகுப்பெல்லாம் பெரியவர்கள் கால் ஊன்றி நிற்கும் ஆழத்தில்தான் நடக்கும். அந்தத் தைரியத்தில்தான் சொல்கிறேன், அடுத்த மாதம் நான் வரும்போது ஒரு வகுப்புக்கு அவளோடு நான் இறங்குகிறேன். எனக்கும் ஒரு நீச்சலுடை எடுத்து வை, முழங்கால் வரை இருக்கட்டும். நிறம் ஆரஞ்சாகவே இருந்தாலும் பரவாயில்லை, உன் அப்பா சிரித்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா